ப்ளெக் என்றால் கிளம்புகிறேன்

எனக்குப் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் காம்பவுண்டில் வேறு யார் இந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் அதைத்தான் சொல்லப்போகிறார்கள், அவர்கள் வாயால் வருவதைவிட என் வாயால் வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் பதினோரு வருடமாகத் துணி மடிக்கிறவள் நான், பெயர் கோகிலவாணி. என் மடிப்பில் கழுத்துப்பட்டை நட்டநடுவில் நிற்கும், இரண்டு தோளும் ஒரே அளவில் உள்ளே போகும், அடிமடிப்பு அட்டையின் விளிம்பைத் தாண்டி ஒரு நூல்கூட வெளியே எட்டிப் பார்க்காது. இப்படி ஒரு கை இருக்கும்போது, போன வருடம்தான் வந்து பக்கத்து மேசையில் நின்ற, இன்றைக்கும் இடது தோளைக் கோணலாகவே மடிக்கிற சம்பூர்ணத்தின் கைக்கு அந்த வரம் போய்ச் சேர்ந்தது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. ருமேனியா தேசத்திலிருந்து சரக்குப் பார்க்க வருகிற ரோதிக்கா அம்மா, வருடத்துக்கு இரண்டு முறை வந்து மூன்று வாரம் தங்கி, எங்கள் பீஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலையாட்டுகிறவர், அன்றைக்கு வேலை முடிந்து ஊருக்குப் போகிறார். எங்கள் மேசைக்கு வந்து, தன் நெஞ்சைத் தொட்டு, "ப்ளெக்" என்றார்.

மெர்ச்சண்டைசர் நிவேதா, அந்தம்மா இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்கிற பெண், "கெளம்பறாங்களாமா. அவங்க பாஷைல ப்ளெக்-னா நான் கெளம்பறேன்னு அர்த்தமாமா" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ரோதிக்கா அம்மாவின் அப்பா பள்ளிக்கூடத்தில் லத்தீன் வாத்தியாராக இருந்தவராம், அந்த ரத்தம் சும்மா விடவில்லை. என் மேசையிலிருந்து, ஆமாம், என் மேசையிலிருந்து, நான் மடித்து வைத்திருந்த ஒரு பீஸை எடுத்து, உதறிப் பிரித்து, மறுபடி மெதுவாக மடித்துக் காட்டிக்கொண்டே சொன்னார்: அந்தக் காலத்து லத்தீனில் ப்ளிகாரே என்றால் மடிப்பது, வெறும் மடிப்பது, அதற்குமேல் ஒன்றுமில்லை. பட்டாளக்காரர்கள் போகிற இடத்தில் கூடாரம் அடிப்பார்கள், கூடாரத்தை மடித்தால் அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். மடியுங்கள் என்று தலைவன் சொன்னால் கிளம்புங்கள் என்று காதில் விழும். இப்படியே நூறு வருடம் இருநூறு வருடம் காதில் விழுந்து விழுந்து, அவர்கள் தங்கிப்போன ருமேனியா மண்ணில் கூடாரமும் போய், பட்டாளமும் போய், மடிப்பும் போய், கிளம்புவது மட்டும் அந்தச் சொல்லில் மிச்சம் நின்றுவிட்டது. "எங்கப்பா அப்படித்தான் சொல்லித் தருவார்" என்று சொல்லிவிட்டு, ஏசி அறைக்காகப் போட்டிருந்த சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையைக் கழற்றி, பெட்டியில் வைக்க மடித்துத் தரும்படி எங்கள் பக்கம் நீட்டினார்.

என் கையும் நீண்டது, சம்பூர்ணத்தின் கையும் நீண்டது. ஒரு முழம் கிட்டத்தில் இருந்தாள் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் இல்லாமல் அவளிடம் கொடுத்தார். அவள் மூன்றாக மடித்தாள், வழக்கம்போல இடது தோள் கோணல், மடிக்கும்போதே பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி "ப்ளெக்" என்று சொல்லிப் பார்த்தாள். நிமிர்ந்தால் ரோதிக்கா அம்மா நின்ற இடத்தில் ரோதிக்கா அம்மா இல்லை, மேசையில் அவர் பாதி குடித்த டீயில் ஆவி போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் நிவேதாவின் போன் அடித்தது. தன் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதாகவும், பெட்டியைப் பின்னால் அனுப்பி வைக்கும்படியும் அந்தம்மா சொன்னார்.

கம்பெனியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரக்குத் தேறியதாகப் போடவேண்டிய கையெழுத்தைப் போடாமல் போய்விட்டாரே என்பதுதான் மேனேஜரின் கவலையாக இருந்தது, அதையும் கம்ப்யூட்டரில் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள், சாயந்திரம் லோடு ஏறிவிட்டது. ஆனால் எங்கள் காம்பவுண்டு அப்படி விட்டுவிடுகிற இடம் இல்லை. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிப் பதினோரு வீடு, நாலாம் நம்பரில் நானும் என் வீட்டுக்காரரும், நேர் எதிரே ஏழாம் நம்பரில் சம்பூர்ணம் தனியாக. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் பதினோரு வீட்டுக்கும் தும்மல் வரும்.

முதலில் வந்தவள் ரெண்டாம் நம்பர் சரசாத்தா. அவள் புருஷன் மருதாசலம் பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டு நாலு வருடமாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார், ஆளைப் பேசிக் கிளப்ப முடியாது, மடித்தாவது கிளப்புவோம் என்று அவர் முந்தின நாள் கட்டிய வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பழனி மலையடிவாரத்துக்குன்னு நெனச்சுட்டு மடி, புள்ள" என்றாள். சம்பூர்ணம் அப்படியே நினைத்து மடித்தாள். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மருதாசலம் அந்தக் கணமே கிளம்பிப் போனார், ஆனால் பழனிக்கு இல்லை, வெள்ளகோவில் பக்கம் அவருடைய தம்பி தோட்டத்து ஆட்டுப்பட்டிக்குள், வாயில் பிரஷ்ஷோடு. அதிலிருந்துதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. மடிக்கிறவள் எங்கே நினைக்கிறாளோ அங்கே யாரும் போவதில்லை, மடிக்கப்படுகிறவரின் மனசு ஏற்கெனவே எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ அங்கே போய் உடம்பும் சேர்ந்துகொள்கிறது. துணி மட்டும் துவைக்காததாக இருக்க வேண்டும், உடம்பின் வேர்வை அதில் இருக்க வேண்டும்.

அதற்குள் சரசாத்தா ஒரு காரியம் செய்துவிட்டாள். ஆள் எங்கே போனாரோ என்ற பதற்றத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "எங்கூட்டுக்காரர மடிச்சுட்டோமுங்க, அங்க வந்தாருங்களா" என்று கேட்டாள். தாராபுரத்தில் அவருடைய பெரியம்மா வீட்டில் சிக்னல் சரியில்லை, மடிச்சுட்டோம் என்றது மடிஞ்சுட்டாரு என்று அங்கே போய் விழுந்தது. நாலு மணிக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் ரோஜாப்பூ மாலையோடு காம்பவுண்டுக்குள் மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள், சரசாத்தாவும் என்ன ஏது என்று கேட்காமல் ஓடிப்போய் அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது பாதியில்தான் யாருக்காக அழுகிறோம் என்று கேட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் மருதாசலம் வந்து சேர்ந்தார், கையில் தண்ணீர் பாட்டிலில் ஆட்டுப்பால். தனக்காக வந்த மாலை மாட்டியிருந்த கேட்டில் சாய்ந்து நின்று டீ குடித்தார்.

அதன்பிறகு எங்கள் காம்பவுண்டில் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது மடி என்ற சொல்லே ஆகாது என்று ஆயிற்று, ரோதிக்கா அம்மாவின் சொல்லையே எடுத்துக்கொண்டோம். எங்கண்ணன் நேத்தே ப்ளெக்கிட்டான். நாளைக்கு நாங்க ப்ளெக்கோணும். இன்னும் ப்ளெக்காம என்ன பண்ணிட்டிருக்கற. முக்குக் கடையில் டீ ஆற்றுகிறவர்கூட, எழுந்து போகிற ஆளைப் பார்த்து "ப்ளெக்கறீங்களா" என்று கேட்டார். எந்தக் காலத்துப் பட்டாளக்காரனோ ஈரக் கூடாரத்தை மடித்தபோது சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் இறந்தகாலமும் எதிர்காலமும் முளைத்துவிட்டது என்று நிவேதா வீடியோ காலில் சொன்னபோது, ரோதிக்கா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். அதே லத்தீன் சொல் கப்பல்காரர்களோடு ஸ்பெயின் பக்கம் போனபோது அதற்கு வந்து சேர்வது என்று அர்த்தமாகிவிட்டதாம், ஏனென்றால் கப்பலில் பாயை மடித்தால் கரை வந்துவிட்டது என்றுதானே பொருள். இது கிளம்புவதா சேர்வதா என்று குழாயடியில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. "போறவனுக்கு ஒண்ணு, வாசல்ல நிக்கறவளுக்கு ஒண்ணு" என்று மருதாசலம் தீர்ப்புச் சொன்னார். "எங்க ஊர்ல நாள் பூரா துணி மடிக்கிறோம், யாரும் காணாமல் போவதில்லை. போகிறவர்கள் இத்தாலிக்கு பஸ்ஸில்தான் போகிறார்கள்" என்று ரோதிக்கா அம்மா மட்டும் கொஞ்சம் வருத்தமாகச் சொன்னாராம். அவருக்கும் பொறாமை இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது ஒரு சின்னத் திருப்தி.

ரத யாத்திரை சமயத்தில் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரர்கள் வேர்வைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பர் வாசலில் வரிசையில் நின்றார்கள், ரயிலில் ரெண்டு நாள் நின்றுகொண்டே போகிறவர்கள் ஒரு மடிப்பில் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும் ஒடிசாவுக்குப் போகாமல் பெருந்துறையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் கேட்டில் போய் நின்று வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டான். கம்பெனியில், வேலை நேரத்தில் ஆட்களை மடிக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை, இப்படிக்கு நிர்வாகம் என்று எழுதி ஒட்டினார்கள். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைச் சட்டையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை மனசு எங்கே இருக்கிறது என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடுமே. ஒரு மாதத்தில் மூன்று சம்பந்தம் முறிந்தது. ஒரு மாப்பிள்ளை மட்டும் மடித்தும் நாற்காலியை விட்டு அசையவில்லை, தங்கமான பையன் என்று பெண் வீட்டார் பூரித்துப்போனார்கள், அவன் மனசு எதிரே தட்டில் இருந்த போண்டாவில் இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நான் என்ன செய்தேன் என்றால், பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாற்பது தடவை ப்ளெக் சொல்லித் துணி மடித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தும் மனசு பூராவையும் பேரன் வீட்டில் வைத்திருந்த மாமியாரின் சேலையை மடித்தேன், அந்த அம்மாள் அசையவே இல்லை, இன்னும் ரெண்டு வாரம் இருந்து ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார். என் மடிப்பு அட்டை வைத்து அளந்த மாதிரி இருந்தது, ஆனால் அது வெறும் மடிப்பாகவே இருந்தது.

சரி, கை விஷயத்தை விடுங்கள். என் வயிற்றில் எரிந்தது அது மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரர் தண்டபாணி அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், அவர் தேய்த்துத் தருகிற பீஸ்களைத்தான் நாங்கள் மடிக்கிறோம். சம்பூர்ணம் வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்தப் புள்ள மடிக்கறது கோணலா இருந்தாலும் கையில ஒரு நெதானம் இருக்குது" என்றார். பதினோரு வருடத்தில் என் மடிப்பைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் குழம்பை எடுத்து உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். தேய்த்த அடுக்கை முதலில் அவள் மேசையில் வைக்கிறாரா என் மேசையிலா என்று பார்த்தேன். அவளுக்கு கேஸ் ட்யூப் மாற்றிக் கொடுக்கப் போனவர் எத்தனை நேரம் உள்ளே இருந்தார் என்று பார்த்தேன், ட்யூப் மாற்ற அவ்வளவு நேரம் ஆகுமா என்று என் வீட்டு ட்யூபைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். என் ஜன்னலில் நின்றால் அவள் ஜன்னல் தெரியும். அவள் எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறாள், தலைக்கு என்றைக்கு எண்ணெய் வைக்கிறாள், தன் ஒருத்திக்கு மட்டும் சமைக்கிறவள் ஏன் ரெண்டு முட்டை வாங்கினாள், எல்லாம் எனக்குத் தெரியும். கட்டினவன் விட்டுவிட்டுப் போனவள், தனியாக இருக்கிறவள், நாலு பேர் வாசலில் வந்து நிற்கிற அளவுக்குக் கைராசிக்காரி என்று பெயர் வேறு எடுத்துவிட்டாள். "நீ ஏன் புள்ள உன்ற துணிய மடிச்சு எங்கயாச்சும் போகாம இருக்கற" என்று சரசாத்தா ஒருநாள் கேட்டதற்கு, "எம்மனசு எங்கிருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க்கா, நடுரோட்டுல போய் நின்னாலும் நின்னுருவேன்" என்றாள். அதை நான் நம்பவில்லை. அவள் மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அவர் மனசு எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவரை மடித்தால், அவர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டால், அல்லது எங்கள் வீட்டுக்குள் போய் நின்றால், நான் ஜெயித்தேன். ஏழாம் நம்பருக்குள் போய் நின்றால் என் வாழ்க்கை அதோடு முடிந்தது. தெரியாமலே இருந்துவிடலாம் என்று காலையில் தோன்றும், தெரிந்தே ஆக வேண்டும் என்று மத்தியானம் தோன்றும். அந்தத் திங்கட்கிழமை மட்டும் காலையிலேயே தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது, மத்தியானம் சம்பூர்ணத்திடம் கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லாத் துணியையும் ஊறப் போட்டாயிற்று, துவைக்காத துணி என்று பார்த்தால் நான் போட்டிருந்த நீலக்கட்டச் சட்டை ஒன்றுதான். பேக்கிங்கில் நாங்கள் எல்லாருமே சேலையில் பஞ்சு ஒட்டாமல் இருக்க மேலே வீட்டுக்காரர் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வோம். காலருக்குள் லாண்டரிக்காரர் மையில் போட்ட 'த' இன்னும் அழியவில்லை, யார் கேட்டாலும் அது அவர் சட்டை. காலையிலேயே, உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்த சரசாத்தாவிடம், "மத்தியானம் ஒரு மணிக்கு ஏழாம் நம்பர் வாசலையே பாருங்க்கா, யாராச்சும் வந்தா எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போனபின் சட்டையைக் கழற்றி சம்பூர்ணத்தின் மேசையில் வைத்தேன்.

"யாரு சட்டைங்க்கா?"

"எங்கூட்டுக்காரரோடது. மடி."

"அண்ணனோடதா? அவருக்கு எங்கீங்க்கா போகோணும்?"

"எங்க போறாருன்னுதான் பாக்கோணும்."

என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "வேண்டாங்க்கா. உங்க குடும்பம் நல்லா இருக்கோணும். நான் மடிக்கமாட்டேன்."

"ஏன், பயமா இருக்குதா?"

"எனக்கென்னங்க பயம்?"

"ஊரான் வீட்டு மாப்பிள்ளையெல்லாம் மடிச்சயே. எங்கூட்டு ஆளு சட்டைன்னா மட்டும் கை நடுங்குதா? எங்க வந்து நிப்பாருன்னு உனக்கே தெரியும்போல."

சொன்னபோது எனக்கு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. "மடிக்கறேன். எங்க போனாலும் அப்பறம் எங்கூட நீங்க பேசவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சட்டையை உதறி மேசையில் போட்டு, கைகளை உள்ளே மடக்கி, அன்றைக்கு மட்டும் இரண்டு தோளும் அளவாக, கோணலே இல்லாமல் மூன்றாக மடித்து, "ப்ளெக்" என்றாள்.

நான் ஏழாம் நம்பருக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. அவர் எங்கே, நான் ஏன் இங்கே. பிறகுதான் சேலைமேல் கையை வைத்துப் பார்த்து, சட்டை இல்லை என்று உணர்ந்து, அந்தச் சட்டையை அவர் போட்டு மூன்று வருடம் ஆகிறது, மூன்று வருடமாக அதில் இருப்பது என் வேர்வை என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். வாயால் அவர் சட்டை அவர் சட்டை என்று சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோயிருந்தது. கதவைத் தள்ளினேன், வெளியே பூட்டு. போன் கம்பெனியில், சாப்பாட்டுப் பையில்.

அந்த வீட்டுக்குள் நான் அதற்கு முன்னால் கால் வைத்ததில்லை, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. குங்குமச் சிமிழ் கண்ணாடிக்கு இடது பக்கம், சீப்பு ஆணியில், அரிசி டப்பா அடுப்புக்குக் கீழே. வெட்கப்படவேண்டிய நேரத்திலும் நான் என்ன செய்தேன் தெரியுமா, தேடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், தலையணை உறைக்குள் கைவிட்டேன், கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன், அவருடைய கைக்குட்டையோ பீடிக்கட்டோ ஒரு சட்டைப் பொத்தானோ கிடைக்காதா என்று. ஒரு தட்டு, ஒரு டம்ளர், மடிக்கப் பயந்து மூலையில் குவித்து வைத்திருந்த அவளுடைய துணிகள். வேறு ஒன்றுமே இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. ஒரு வருடம் இரவும் பகலும் நான் காவல் காத்த வீட்டில் திருடுவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை.

அப்போது கேட் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அவரும் சம்பூர்ணமும் சேர்ந்து ஓடி வந்தார்கள். எதைப் பார்த்துவிடுவேனோ என்று ஒரு வருடமாகப் பயந்தேனோ அதுவே என் கண் முன்னால், இரண்டு பேரும் மூச்சு வாங்க, பக்கத்தில் பக்கத்தில். அவர் நேராக எங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போனார், "கோகிலா" என்று கூப்பிட்டார், சமையல்கட்டில் பார்த்தார், வெளியே வந்தார். போனை எடுத்து சென்னிமலையில் என் அம்மாவுக்குப் போட்டார், அங்கே இல்லை. கோயமுத்தூரில் என் தங்கைக்குப் போட்டார், அங்கேயும் இல்லை.

"எங்காச்சும் கோயில் பக்கம் இருக்குமுங்களா, அண்ணா?" என்றாள் சம்பூர்ணம்.

"கோயில்ல போயி நிக்கற மனசா அவளுக்கு?" என்றார் அவர், அந்த நேரத்திலும்.

ரெண்டாம் நம்பர் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சரசாத்தா, "இங்க யாரும் வரலீங்க. கோகிலா சொன்னாப்பலயே ஏழாம் நம்பர் வாசல கண்ணு சிமிட்டாம பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒரு ஈ காக்கா வரலீங்க" என்றாள்.

"ஏழாம் நம்பர் வாசல எதுக்குப் பாக்கச் சொன்னா?"

சரசாத்தா சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிவது அவர் தோள் இறங்குவதில் தெரிந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழாய் மேடையில் மெதுவாக உட்கார்ந்தார். மருதாசலம், ஆறாம் நம்பர்க்காரர்கள், ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள்.

"கட்டிப் பதினோரு வருசம் ஆச்சு" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். "அவ மனசு எங்க இருக்கும்னு கேட்டா ஒரு எடம் சொல்லத் தெரியலையே எனக்கு." சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் ஏழாம் நம்பரைத் திரும்பிப் பார்ப்பார்கள். மருதாசலம் ஆட்டுப்பட்டிக்குப் போனார், ஒடிசாக்காரன் அம்மாவிடம் போனான், போண்டாவுக்குப் போனவனைக்கூட ஊர் மன்னித்தது, கோகிலவாணி மனசு எங்கே போயிற்று பார் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு, இருட்டியபின் அவளிடம் காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வெளியே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் மறுபடி போனை எடுத்தார், போலீசில் சொல்லலாமா என்று மருதாசலத்தைக் கேட்டார், கேட்கும்போது குரல் உடைந்தது.

"மாமா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான் இங்க இருக்கறேன்" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார், கதவின் நம்பரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார், ஆனால் ஓரடிகூட முன்னால் வரவில்லை. சம்பூர்ணம்தான் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவசரத்தில் பூட்டு இரண்டு தடவை வழுக்கியது. கதவு திறந்தபோது கலைந்து கிடந்த தன் கட்டிலையும் தரையில் விழுந்த தலையணையையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேசவே வேண்டாம் என்று சொன்னவள்தான், ஆனால் பூட்டிய வீட்டுக்குள் வேர்த்து விறுவிறுத்து ஒருத்தி நிற்கும்போது யாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"எத்தன நேரமாங்க்கா உள்ள இருக்கீங்க?"

"ஒரு வருசமா" என்றேன்.